ஒரு நேரத்தில் ஒருவர்

அவரிடம் ஒரு வேலையாகப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எப்போது திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய இன்டர்நெட் கடை. ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரமாக ஒரு நீள பெஞ்ச். ஊரில் அவருக்கு க்யூ சார் என்று பெயர். வரிசையை மதிப்பவர் என்று மரியாதையாக வைத்ததா, வரிசை நீள்வதற்கே அவர்தான் காரணம் என்று எரிச்சலில் வைத்ததா என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

நாற்பது வயது இருக்கும். ஒல்லி. எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு இரண்டடிக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். எனவே அந்த ஒருவரைத் தவிர கடையில் நிற்கும் மற்ற அத்தனை பேரும் அவரைப் பொறுத்தவரை நிஜமாகவே மறைந்துவிடுவார்கள். மறைந்துபோனவர்கள் கனைப்பார்கள், செருமுவார்கள், கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அவருக்குக் காதும் கண்ணோடு சேர்ந்தே போய்விடும்.

ஒருமுறை பெரிய மிராசுதார் குடும்பத்துக்காரர் ஒருவர் வந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போய்வர விசா விண்ணப்பம் நிரப்ப வேண்டும். உள்ளே நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா தன் மகனின் பாஸ்போர்ட் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். மகன் பிறந்த தேதி தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட மறுநாள் பிறந்தான் என்றுதான் அந்த அம்மாவுக்கு ஞாபகம். எந்த வருஷத்துத் தண்ணீர் என்று அவரும் அந்த அம்மாவும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்கள். மிராசுதார் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார்.

"யோவ், ஆளு நிக்கிறது கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

நிஜமாகவே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்து யாருங்க?" என்று கேட்டார்.

மிராசுதாரின் முறை வந்தபோதும் அதே கதைதான். ஒன்றரை மணி நேரம். அவருடைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் வேறொரு தேதியும் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்படியே அனுப்பியிருந்தால் விசா கிடைத்திருக்காது. அன்றிலிருந்து மிராசுதார் கடையின் காவல்காரர் ஆகிவிட்டார். வேலை இல்லாத நாளிலும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, யாராவது அவசரப்பட்டால், "முன்னாடி ஆளு இருக்குல்ல, உக்காருய்யா" என்று அதட்டுவார்.

க்யூ சாரின் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்றே கூப்பிடுவோம். பூண்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவரைப் பற்றிப் புகார் சொல்லும்போது டீச்சரின் முகம் மலர்ந்துவிடும்.

"கல்யாண ரிசப்ஷன்ல எங்க மாமா ஒருத்தர் மேடைக்கு வந்து, கல்ஃப்ல என்ன மாப்ள வேலைன்னு கேட்டாரு. அவ்ளோதான். கண்ணாடியக் கழட்டிட்டாரு. பரிசு குடுக்க வந்த ஜனம் படிக்கட்டு வரைக்கும் நிக்கிது. ஃபோட்டோகிராஃபர் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். பக்கத்துல நான் ஒருத்தி நிக்கிறேங்கறது அவருக்கு மூணாம் நாள்தான் தெரிஞ்சுது."

நான் அந்தக் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த ஆறாவது மாதமே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதியில் நானும் இருந்தேன். தெருவில் 'லாங் லீவ்' என்று சொல்லிவைத்திருந்தோம். லாங் லீவில் வந்தவள் எதற்கு பஸ் ஸ்டாண்ட் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்கள் தெருவின் மிகப்பெரிய பண்பு. வீட்டுக்குள் போய்ப் பேசிக்கொள்வார்கள்.

எனக்குப் படிப்பு இருந்தது, கடை அவருடையது. இந்த அநியாயத்தை நான் ஒரு நாளும் மறக்கவில்லை, அவரையும் மறக்கவிடவில்லை. அவர் கல்ஃபில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில் ஏழெட்டு வருஷம் இருந்தவர். கம்ப்யூட்டரை அங்கேதான் பழகியிருந்தார், சைக்கிள் பழகுகிற மாதிரி. அப்படிப்பட்டவர் ஒருநாள் திருச்சியிலிருந்து பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, கூட்டமில்லாத முற்பகல்களில் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார். அதையும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அட்டையில் இருந்த பாம்பைப் பார்த்துவிட்டு மிராசுதார், "விஷக்கடி வைத்தியமா சார்?" என்றார்.

எதற்காகப் படிக்கிறார் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருந்த காலம் அது. அவர்கள் தங்கியிருந்த ஒரு தொழிலாளர் முகாமின் பக்கத்தில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். போனில் பேசுவது யானை விலை. அரட்டையடிக்கப் பெரிய கம்பெனிகளின் மென்பொருள்கள் இருந்தன, ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்து. எங்கள் பக்கத்து அம்மாக்களும் மனைவிகளும் தமிழ்தான் படிப்பார்கள். அங்கே ஒருவர் தமிழில் தட்டினால் இங்கே கடையில் உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்குத் திரையில் அப்படியே தெரிய வேண்டும். இதற்கு ஒரு சர்வர் எழுத வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

சர்வர் என்றால் பெரிய சங்கதி இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். வெளியிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டர் வந்து தட்டும். உள்ளே விட்டு, அது சொல்வதைக் கேட்டு, பதில் சொல்லி, வழியனுப்ப வேண்டும். அவர் எழுதியது மொத்தம் முப்பது வரி. நான் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். ஒருவரை உள்ளே விட்டதும் அந்த சர்வர் கதவுப் பக்கமே திரும்பாது. வந்தவர் தானாகக் கிளம்பிப் போகும்வரை வெளியே எத்தனை பேர் நின்று தட்டினாலும் அதற்குக் கேட்காது.

"சார், இது அப்படியே உங்கள மாதிரியே இருக்கு" என்றேன்.

"அப்படிங்களா?" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று பிற்பகல் கடையில் சினிமா கொட்டகை மாதிரி கூட்டம் சேரும். கீபோர்டு பொத்தான்களின் மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டிவைத்திருந்தோம். டயல்-அப் இணைப்பில் நம் கம்ப்யூட்டரின் முகவரி எண் ஒவ்வொரு முறையும் மாறும். அதை மின்னஞ்சலில் நண்பரின் கடைக்கு அனுப்பிவிட்டு அவர் சர்வரை ஓடவிடுவார். பிறகு ஒரு குடும்பம் உட்காரும். அவர்கள் பேசி முடித்த பிறகு அடுத்த குடும்பம். மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களும் சும்மா கிடக்கும். இங்கே பெஞ்சில் ஒரு வரிசை, கடலுக்கு அந்தப் பக்கம் நண்பரின் கடை வாசலில் ஒரு வரிசை. இரண்டு நாட்டிலும் க்யூவை உண்டாக்கிய ஒரே ஆள் அவர்தான் என்று டீச்சர் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வியின் முறை. செல்விக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. ஐந்து வயதுப் பெண் காவ்யா. கணவன் செந்தில் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாமனார்தான் டிவிஎஸ் ஐம்பதில் கூட்டிவந்து, வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு செந்தில் உள்ளே வந்துவிட்டதாக சர்வர் சொன்னது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. செல்வி, 'இருக்கீங்களா?' என்று தட்டினாள். பத்து நிமிஷம். 'காவ்யா உங்களைக் கேட்கிறாள்' என்று தட்டினாள். இருபது நிமிஷம். பிறகு திரையில் 'ம்' என்று ஒரே ஒரு எழுத்து வந்தது. நாற்பதாவது நிமிஷம் செந்தில் போய்விட்டான்.

"வேலை அசதி போலருக்கு" என்று சொல்லிவிட்டு செல்வி எழுந்து போனாள். பின்னால் ஏழு குடும்பங்கள் காத்திருந்தன. நான்கு குடும்பங்கள் பேசாமலேயே திரும்பிப் போயின.

நான் அன்று அவரை விடவில்லை.

"டைம்-அவுட் வைங்க சார். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசலைன்னா தானா வெளிய தள்ளிடணும். இல்லன்னா த்ரெட் போடுங்க. வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு ஆள் வெச்ச மாதிரி, எல்லார்கிட்டயும் ஒரே நேரத்துல பேசும். இது எல்லாரும் செய்யறதுதான்."

அவர் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க இருந்த கேம்ப்ல நூறு பேருக்கு ஒரு போன்ங்க. ஆளுக்கு மூணு நிமிஷம். ஒரு நாளு எனக்கு முன்னாடி மன்னார்குடிப் பையன் ஒருத்தன் பேசிக்கிட்டிருந்தான். பேசல, சும்மா ரிசீவரப் புடிச்சுக்கிட்டு நின்னான். நான்தான் தோளத் தட்டினேன். டக்குனு வெச்சுட்டான். அவனுக்குக் குழந்தை பொறந்திருந்துச்சு. பேரு என்னன்னு அவன் வீட்டுல சொல்ல வந்திருக்காங்க, இவனுக்குத் தொண்டை அடைச்சு நின்னிருக்கான். அடுத்த லெட்டர் வர்ற வரைக்கும் ஒரு மாசம், சொந்தப் புள்ள பேரு தெரியாமலே வேலைக்குப் போனாங்க அவன்."

"பாவந்தான் சார். ஆனா இன்னைக்கு நாலு குடும்பம் திரும்பிப் போச்சே?"

"அதுவும் பாவந்தாங்க" என்றார். துணியை மடித்து வைத்தார். சர்வரை மாற்றவில்லை.

அடுத்த மாதம் டீச்சருக்கு அப்பென்டிக்ஸ் ஆபரேஷன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவர் கடை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். ஒரு போன்கூட வரவில்லை. டீச்சர் பின்னால் சொன்னார்: "ஆஸ்பத்திரில அந்தப் பத்து நாளும் நான் மகாராணிங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாக்கூட, 'கொஞ்சம் இருங்க, அவங்க பேசிட்டிருக்காங்க'ன்னாரு."

அந்தப் பத்து நாளில் நான் சர்வரை மாற்றி எழுதினேன். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு த்ரெட். ஆறு கம்ப்யூட்டரிலும் ஆறு குடும்பம். அங்கிருந்து வரும் செய்தி எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று குறித்துக்கொண்டு, ஒரு நகலைச் சேமித்துவிட்டு, சர்வர் உரிய திரைக்கு அனுப்பும். முதல் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் பேசி முடித்து வீட்டுக்குப் போய்விட்டது. மிராசுதாருக்கு அதட்ட ஆள் இல்லை. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். சென்னைக் கம்பெனி தவறவிட்டது யாரை என்பதை அந்தக் கம்பெனியைத் தவிர மற்ற எல்லோரும் அன்று தெரிந்துகொண்டார்கள்.

அவர் திரும்பிவந்ததும் என் நிரலை முதல் வரியிலிருந்து படித்தார். அரை நாள் ஆயிற்று.

"நல்லாருக்குங்க" என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, "இந்த 'யாருக்கு'ங்கற பெட்டி, எல்லா த்ரெட்டுக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணுதானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"ஒருத்தர் பேர இதுல எழுதிட்டு, அனுப்பறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து அழிச்சுட்டு அவர் பேர எழுதிட்டா?"

"அதெல்லாம் கண்ண மூடித் திறக்கறதுக்கும் குறைவான நேரம் சார். அதுக்குள்ள எவன் வருவான்?"

அவர் தலையாட்டினார். எம்.சி.ஏ.வுக்கு மேல் அவருக்கு என்ன தெரியும்?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கடை நிறைந்திருந்தது. மூன்றாவது கம்ப்யூட்டரில் அந்தோணியம்மாள். அறுபது வயது. மகன் ஆரோக்கியராஜும் செந்தில் இருந்த ஊரில்தான் வேலையில் இருந்தான். அந்தோணியம்மாள் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கற்றவர். மகனுடைய செய்தியை வேறு யாரும் படித்துச் சொல்லக் கூடாது. தானே எழுத்துக்கூட்டி, சத்தமாக, கடை முழுக்கக் கேட்கும்படி படிப்பார். ஐந்தாவது கம்ப்யூட்டரில் செல்வி.

அந்தோணியம்மாள் படித்தார்.

"கம்... பெனி... மூடிட்... டாங்க. மூணு மாச... மா வேலை இல்ல."

மிராசுதார் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"சம்பளம் வரல. பாஸ்... போர்ட் அவங்க... கிட்ட இருக்கு. யார்... கிட்டயும் சொல்... லாத."

யாரிடமும் சொல்லாதே என்பதையும் அவர் உரக்கவே படித்தார். படித்து முடித்த பிறகுதான் பொருள் அவருக்கு எட்டியது. "அய்யோ எம்புள்ள" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். இரண்டு பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது கம்ப்யூட்டரில் செல்வி குழப்பமாகத் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில், 'சாப்பிட்டியாம்மா? குறுவை அறுத்தாச்சா? கால் வலி எப்படி இருக்கு?' என்று இருந்தது. "என்னங்க இது, என்னைய அம்மாங்கறாரு" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அந்த 'யாருக்கு' பெட்டி ஞாபகம் வந்தது. எழுந்து மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் போவதற்குள், கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தோணியம்மாள் மிச்சத்தையும் படித்துவிட்டார்.

"காவ்யா காது... குத்துக்கு வர முடி... யாது. அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

செல்வி எழுந்து நின்றாள். செந்திலின் அப்பா வாசலில், வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது. வண்டியை ஸ்டாண்ட் போட மறந்து அவர் இறங்கிவர, அது சாய்ந்து விழுந்தது.

"யாரு எம்மவன் சேதிய ஊரக் கூட்டிப் படிக்கச் சொன்னது?" மாமனார் உள்ளே வந்து கத்தினார். "இது கடையா, சந்தையா?"

நிரலை எழுதியவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போனதை மறைத்துவைத்திருக்கும் ஒருவனை ஊருக்கே காட்டிக்கொடுத்தவள், தன் வேலை போனதை லாங் லீவ் என்று சொல்லித் திரிகிறவள், அந்த நேரத்தில் பிரின்டரில் காகிதம் சிக்கியிருப்பதைச் சரிசெய்யப் போனாள். காகிதம் எதுவும் சிக்கியிருக்கவில்லை.

க்யூ சார்தான் முன்னால் வந்தார்.

"என் மெஷின் பண்ணின தப்புங்க. ரெண்டு பேர் சேதிய மாத்திப் போட்டுடுச்சு. நான் சரியாப் பாக்கல. மன்னிச்சுடுங்க."

"மன்னிச்சா? போன மானம் வருமாய்யா?"

"வராதுங்க" என்றார்.

கூட்டம் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தது. நான்கு திரைகளில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. பிரின்ட் எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். அந்தோணியம்மாள் அழுகையை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் விசும்பிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு நாற்காலியை இழுத்து ஐந்தாவது கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டு, செல்விக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க" என்றார்.

செல்வி ஒன்றும் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மிராசுதார் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு செல்வி பேசினாள். மெல்ல, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் பதில் சொல்லிச் சொல்லி ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கம்பெனி பெயர், முகாம் எந்த இடம், தூதரகத்துக்கு என்ன எழுதலாம், பாஸ்போர்ட்டை எப்படிக் கேட்டு வாங்குவது. ஒன்றேகால் மணி நேரம். அந்தக் கடையில் அத்தனை பேர் அத்தனை நேரம் முணுமுணுக்காமல் காத்திருந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

அந்தோணியம்மாள்தான் முதலில் தெளிந்தார். என்னைக் கூப்பிட்டு மகனுக்குத் தட்டச் சொன்னார்.

"எலே, செல்வி புருசன் அங்கதான் எங்கயோ பட்டினியாக் கெடக்கான். நீ சாப்புட்டியான்னு என்னையக் கேக்கறதுக்கு முன்னாடி அவனப் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அதற்குள் செந்தில் நண்பரின் கடையிலிருந்து கிளம்பியிருந்தான். ஆரோக்கியராஜ் தேடிப் போனான். செந்தில் பழைய முகாமிலிருந்து வெட்கத்தில் வெளியேறி, ஊர் எல்லையில் வேறு ஆட்களோடு ஒரு அறையில் இருந்தான். நம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து அவனைத் தங்கள் இடத்துக்கு அழைத்துவந்தார்கள். க்யூ சார் எழுதிய கடிதங்கள் தூதரகத்துக்குப் போயின. எதனால் நடந்தது என்று சொல்ல முடியாது, பாஸ்போர்ட் கைக்கு வந்தது. காதுகுத்து தள்ளிப்போயிருந்தது, அதற்கு அவன் வந்து சேர்ந்தான். காவ்யா மாமா மடியில் உட்கார்ந்து அழுதபோது பக்கத்தில் அந்தோணியம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததாக டீச்சர் சொன்னார். எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. நான் போகவில்லை.

செய்தி சரியான திரைக்குப் போயிருந்தால் செல்வி அதை மறைத்திருப்பாள், அவன் அங்கேயே கிடந்திருப்பான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். "அந்த மெஷின் தப்பு பண்ணினதே நல்லதாப் போச்சு" என்றார் மிராசுதார். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது. க்யூ சார் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. மறுநாள் காலை புத்தகத்தை விட்ட பக்கத்திலிருந்து எடுத்தார்.

மூன்று வாரத்தில் மூன்றாவது சர்வர் தயாரானது. எல்லோரும் ஒரே நேரத்தில் வரலாம். ஆனால் ஒவ்வொருவருடைய பெயரும், அவர் யாரிடம் பேசுகிறார் என்பதும், சொன்னதும், சொல்லாமல் பாதியில் நிறுத்தியதும் அவரவருக்கென்று தனித்தனியாக இருக்கும். ஒருவருடையதை இன்னொருவர் தொட வழியே இல்லை. யாராவது பேசாமல் இருந்தால் அவர்பாட்டுக்கு இருந்துகொள்ளலாம், யாரும் வெளியே தள்ள மாட்டார்கள், அவரால் யாரும் காத்திருக்கவும் வேண்டியதில்லை. டீச்சரையும் மிராசுதாரையும் இரண்டு கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, ஒரே நேரத்தில் தட்டச்சொல்லி நாள்கணக்காகச் சோதித்தார். மிராசுதார் 'அ' என்று மட்டும் பக்கம்பக்கமாகத் தட்டினார். ஒரு 'அ'கூட டீச்சரின் திரைக்குப் போகவில்லை.

அதைவிடச் சுத்தமான நிரலை எம்.சி.ஏ. வகுப்பில் நான் பார்த்ததில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அது ஓட ஆரம்பித்த ஆறு மாதத்தில் செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. முகாமில் ஆளுக்கொரு போன், இங்கே வீட்டுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைக் கூட்டம் கரைந்தது. யாரையும் காக்கவைக்காத சர்வர் தயாரானபோது காத்திருக்க யாரும் இல்லை. பெஞ்சில் மிராசுதார் மட்டும் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

நான் பெங்களூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒரே நேரத்தில் பல பேர் வந்தால் உங்கள் சர்வர் எப்படிச் சமாளிக்கும் என்று கேட்டார்கள். மூன்றாவது சர்வரை வரைந்து காட்டினேன். நீங்கள் எழுதியதா என்றார்கள். ஆமாம் என்றேன். வேலை கிடைத்தது. அங்கிருந்து வெளிநாடு, வீடு, குடியுரிமை. இப்போது நான் மேற்பார்க்கும் சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார். நானும் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

போன வருஷம் டீச்சர் ரிட்டயர்ட் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, கடைக்குப் போன் செய்தேன். கடை இருக்கிறது, ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பங்களுமாக. டீச்சர் ஒரு சாக்குத்தான். அவரிடம் நான் சொல்ல வேண்டியது இரண்டு இருந்தது. ஒன்று, அந்த வெள்ளிக்கிழமை பிரின்டர் பக்கம் போனதைப் பற்றி. இன்னொன்று, பெங்களூரில் வரைந்ததைப் பற்றி.

"சொல்லுங்க" என்றார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். எதிரே லேப்டாப்பில் ஆபீஸ் செய்தி ஒன்று வந்தது. பேசிக்கொண்டே பதில் தட்டினேன். இன்னொன்று வந்தது. அதற்கும் தட்டினேன்.

அவர் பேச்சை நிறுத்தினார்.

"அங்க வேற யாரும் காத்திருக்காங்களா?"

"இல்ல சார், நீங்க சொல்லுங்க."

"பரவால்லைங்க. அவங்கள முடிச்சுட்டு வாங்க. நான் இருக்கேன்."

போனை மேஜைமேல் வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன். அந்தச் செய்தியிலிருந்து இன்னொரு செய்தி, அதிலிருந்து ஒரு சின்ன மீட்டிங். அரை மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து போனை எடுத்தேன். அவர் எப்போதோ வைத்திருப்பார், மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்தால், பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ ஒரு ஆள் எரிச்சலோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆதார் ஜெராக்ஸ் சார். எவ்ளோ நேரமா நிக்கிறது?"

"இருங்க. லைன்ல ஆள் இருக்காங்க."

"அவங்கதான் ஒண்ணும் பேசவே இல்லையே?"

"பேசுவாங்க" என்றது அவர் குரல்.

லேப்டாப்பை மூடினேன்.

"சார்" என்றேன்.

"சொல்லுங்க."

இரண்டையும் சொன்னேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆதார் ஜெராக்ஸ்காரர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. நான் பேச ஆரம்பித்த பிறகு அவர் நின்றதை இவர் கவனித்திருக்கவும் மாட்டார்.